படித்துறையில் உட்கார்ந்ததற்கு அபராதமா?

ஐயா, வணக்கம். மாலையில் நண்பர்களுடன் காவிரிப் படித்துறையில் பேசிக்கொண்டிருந்தபோது, 144 தடை இருப்பதாகச் சொல்லி ஒரு காவலர் ரசீது தராமல் 200 ரூபாய் வாங்கியதாக எழுதியிருந்தீர்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் கடைசிப் படியில் காலை நனைத்தபடி பேசுவது நம் டெல்டாவில் தலைமுறைகளாக நடப்பது. அதற்கு அனுமதி வேண்டும் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கூட்டம் கூடுவதைத் தடுக்கப் பயன்படுத்தப்பட்ட பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 163-ஆவது பிரிவாகியிருக்கிறது. அந்தத் தடையைக் காவலர் வாய்மொழியாக விதிக்க முடியாது. அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவர் காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்தில் பிறப்பிக்க வேண்டும், மாநில அரசு நீட்டித்தாலன்றி அது இரண்டு மாதத்துக்கு மேல் செல்லாது. மீறியவரைத் தண்டிப்பதும் நீதிமன்றத்தின் வேலையே. ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தத் தடை ஆணையின் நகலைக் கேட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கோட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.