ஒரே கார்டு இரண்டு இடத்தில் ஏறிவிட்டது: தானியங்கி கேமரா படங்களை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: மதுரையில் விலங்கியல் முதுகலை படிக்கிறேன். வனத்துறை அனுமதியோடு அழகர்மலை அடிவாரத்தில் 16 தானியங்கி கேமராக்களை 45 நாள் வைத்திருந்தோம். 38,000 படங்கள் வந்தன. மூன்று பேர் பிரித்துக்கொண்டு மென்பொருளில் ஏற்றியதில், 7-ம் எண் கேமராவின் கார்டு 7-லும் ஏறி, 9-லும் ஏறிவிட்டது. இன்னொரு கேமராவில் பாதிப் படங்களில் ஆண்டு 2020 என்று விழுந்திருக்கிறது. எல்லாக் கார்டிலும் ஃபைல் பெயர்கள் ஒரே மாதிரி. சேமிக்கும் இடமும் தீரப்போகிறது. முக்கால்வாசிப் படங்களில் வெறும் புல்தான். எல்லாவற்றையும் டெலிட் செய்துவிட்டு, விலங்கு இருக்கும் படங்களை மட்டும் மறுபடி ஏற்றினால் போதுமா?

பதில்: வேண்டாம். இப்போதைக்கு ஒரு படத்தைக்கூட டெலிட் செய்யாதீர்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். 16 கார்டுகளிலும் இருந்தவை அப்படியே, பெயர்கூட மாறாமல், ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றனவா? மென்பொருளில் ஏற்றிய படத்தை மூலப்பிரதியாக நினைக்கக் கூடாது. அது வேலை செய்வதற்கான நகல் மட்டும்தான். சிறுமலை அடிவாரத்தில் ஒருமுறை கார்டை மடிக்கணினிக்கு நகலெடுத்த கையோடு அங்கேயே ஃபார்மட் செய்து திரும்ப மாட்டினோம். நகல் பாதியில் நின்றுபோனதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தோம். 11 நாள் படங்கள் போயின. அன்றிலிருந்து இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் கார்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே கார்டை அழிக்கிறோம். நீங்களும் அதை முடித்துவிட்டு வாருங்கள். மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியவைதான்.

சரி, இரட்டைப் பதிவுக்கு வருவோம். இப்படிப்பட்ட படங்களை ஏற்றிப் பிரிக்கும் வைல்ட்லைஃப் இன்சைட்ஸ் போன்ற தளங்களில் ‘டிப்ளாய்மென்ட்’ என்று ஒன்று கேட்கும். ஒரு கேமரா, ஓர் இடத்தில், ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதி வரை நின்ற காலம் என்று அதற்குப் பொருள். படம் எந்த டிப்ளாய்மென்டில் ஏறுகிறதோ, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைதான் அந்தப் படத்துக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே இது இடத்தை அடைக்கிற தொல்லை மட்டுமில்லை. 7-ல் நடந்துபோன முள்ளம்பன்றி, அதே நிமிடத்தில் 9-லும் நடந்ததாகப் பதிவாகிவிடும். எந்தெந்த இடத்தில் எந்த விலங்கு இருக்கிறது என்று கணக்குப் போடும்போது, இல்லாத ஒன்று இருப்பதாக வந்து நிற்கும்.

ஃபைல் பெயரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலான கேமராக்கள் 0001-லிருந்துதான் எண்ணத் தொடங்கும். ஒரே கார்டுக்குள்ளேயே 100, 101 என்று ஃபோல்டர் பிரிந்து, ஒரே பெயர் இரண்டு முறை வருவதும் உண்டு. மூலப்பிரதிகளுக்கு எம்டி5 போன்ற சரிபார்ப்புக் குறியீட்டைக் கணக்கிடுங்கள். இதற்கு இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. இரண்டு ஃபைலுக்கும் ஒரே குறியீடு வந்தால் இரண்டும் ஒரே படம். ஆனால் அடையாளக் குறிப்பு எழுதிச் சேமித்த நகலிலும், வாட்ஸ்அப்பில் வந்த நகலிலும் குறியீடு மாறிவிடும் என்பதால், மூலப்பிரதியை மட்டும் ஒப்பிடுங்கள். அப்புறம் கண்ணாலும் ஒருமுறை பாருங்கள். 7-ன் பின்னணியில் பாறைச் சுனை, 9-ல் வறண்ட ஓடை மணல் என்றால், 9-க்குள் சுனை தெரிகிற படம் ஒன்று போதும். உறுதியான பிறகு, தவறாக ஏறிய அந்தத் தொகுப்பை மட்டும் 9-லிருந்து நீக்குங்கள். எதை, என்றைக்கு, ஏன் நீக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். 9-க்கு உரிய கார்டு ஏறியிருக்கிறதா என்றும் மறக்காமல் பாருங்கள். இந்த மாதிரிக் குழப்பத்தில் பெரும்பாலும் அது ஏறாமலே கிடக்கும்.

தேதிப் பிழைதான் நிதானமாகச் செய்ய வேண்டியது. பேட்டரி மாற்றும்போது கடிகாரம் ஆலையில் அமைத்த தொடக்கத் தேதிக்குத் திரும்பியிருக்கும். பாதிப் படங்கள் சரி, பாதி தவறு என்று நீங்கள் சொல்வதே அதற்கு அடையாளம். முழுக் கார்டையும் ஒரேயடியாக நகர்த்தினால் சரியாக இருந்த பாதி கெட்டுப்போகும். எங்கே 2020 தொடங்குகிறதோ அங்கே வெட்டி இரண்டு ஃபோல்டராக்குங்கள். பேட்டரி மாற்றியவுடன் இடத்தின் பெயரும் உண்மையான நேரமும் எழுதிய அட்டையைக் கேமரா முன் பிடித்தீர்களா? பிடித்திருந்தால் வேலை முடிந்தது. அட்டையில் 14-06-2025, காலை 10:42. படத்தின் அடியில் 01-01-2020, 00:03 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1991 நாள், 10 மணி, 39 நிமிடம். அந்த அளவை இரண்டாம் ஃபோல்டரில் உள்ள எல்லாப் படங்களுக்கும் கூட்ட வேண்டும். எக்ஸிஃப்டூல், டைம்லாப்ஸ், ஆர் என்ற நிரல் மொழியில் இயங்கும் கேம்டிராப்-ஆர் ஆகிய மூன்று மென்பொருள்களிலும் இதற்கு வசதி உண்டு. அட்டைப் படம் இல்லையென்றால், கேமராவைக் கழற்ற வந்தபோது உங்கள் முகம் விழுந்த கடைசிப் படத்தையும் களக் குறிப்பேட்டில் உள்ள நேரத்தையும் ஒப்பிடலாம்.

திருத்திய பிறகு வெளிச்சத்தைப் பாருங்கள். மரநாய் கறுப்பு வெள்ளையில், அகச்சிவப்பு ஒளியில், கண் பளபளக்க நிற்கிறது. நேரமோ பகல் 1:12 என்கிறது. அப்படியானால் கடிகாரம் முற்பகல் பிற்பகல் மாறி 12 மணி நேரம் தள்ளி ஓடியிருக்கிறது. மற்ற 15 கார்டுகளிலும் பத்துப் பத்துப் படமாவது இப்படிப் பார்த்துவிடுங்கள்.

ஃபைல் பெயருக்கு, இடம், தேதி, நேரம் என்ற வரிசையில் மாற்றிக்கொள்ளுங்கள். கேம்டிராப்-ஆர் இதைத் தானே செய்து, ஒரே நொடியில் எடுத்த படங்களுக்கு 1, 2 என்று எண்ணும் சேர்க்கும். தேதியைத் திருத்திய பிறகே பெயர் மாற்ற வேண்டும். பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும். தமிழ் எழுத்தைக் கண்டால் சில மென்பொருள்கள் தடுமாறுகின்றன.

இனி அந்தப் புல் படங்கள். நகர்கிற வெப்ப வேறுபாட்டைத்தான் கேமராவின் உணரி பார்க்கிறது. நம் பக்கத்துப் பாறை நண்பகலில் கொதிக்கும். அதன் முன்னால் புல் ஆனிக் காற்றில் ஆடினாலே கேமரா சொடுக்கிவிடும். வெறும் படம் அதிகம், தேடிய விலங்கு குறைவு என்று வருத்தப்படாதீர்கள். 2018 அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் 3,48,58,623 படங்கள் எடுத்தார்கள். அதில் புலி 76,651, சிறுத்தை 51,777. ஆயிரத்துக்கு நான்குகூட இல்லை. ஆனால் அந்த வெறும் படத்துக்கு ஒரு மதிப்பு உண்டு: அன்றைக்குக் கேமரா உயிரோடு இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. 16 கேமரா, 45 இரவு என்றால் 720 கேமரா இரவுகள். 20-ம் நாளே பேட்டரி செத்த கேமராவையும் 45 என்று எண்ணினால் முழுக் கணக்கும் சாய்ந்துவிடும். விலங்குப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டால், விலங்கு வராத நாளுக்கும் கேமரா ஓடாத நாளுக்கும் வித்தியாசம் தெரியாது.

எனவே இப்படிச் செய்யலாம். ஹார்ட் டிஸ்கில் எல்லாம் இருக்கட்டும். மெகாடிடெக்டர் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஓட்டினால் விலங்கு, மனிதர், வாகனம் என்று பிரித்துத் தரும். இனம் எது என்று சொல்லாது. வெறும் படம் என்று அது ஒதுக்கியதிலிருந்து சில நூறு படங்களை நீங்களே பாருங்கள். பாறைக்குப் பின்னால் முயல் காது மட்டும் தெரிகிற படத்தை அது விட்டுவிடலாம். பிறகு ஒவ்வொரு கேமராவின் முதல் படம், கடைசிப் படம், இடையில் நின்ற நாள்கள் ஆகியவற்றை அட்டவணையில் எழுதிவிட்டு, வெறும் படங்களை மென்பொருளில் ஏற்றாமல் விடலாம். அடுத்த முறை தினமும் நண்பகலில் ஒரு படம் தானாக எடுக்கும்படி கேமராவை அமைத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் படங்களில் விறகு பொறுக்கும் பெண்களும் ஆடு மேய்ப்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் நம்மிடம் அனுமதி கொடுக்கவில்லை. அந்தப் படங்களைத் தனி ஃபோல்டரில் பூட்டுங்கள். வகுப்பில் காட்டவோ குழுவில் பகிரவோ வேண்டாம். வேட்டைக்காரர் படம் கிடைத்தால் நேராக வனச்சரகரிடம் கொடுங்கள். எறும்புத்தின்னி படத்திலும் இதே கவனம் வேண்டும். 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டி உட்பட நம் சுற்றுவட்டாரத்தில் அது இருக்கிறது; செதிலுக்காகக் கொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எறும்புத்தின்னி விழுந்த படத்தின் இடத்தை வெளிப்படையாக விடாதீர்கள். ஃபோல்டர் பெயரில் ஊரையும் ஓடையையும் எழுதியிருந்தால், வெளியே கொடுக்கும் நகலில் அதை எடுத்துவிட்டு எண் மட்டும் போடுங்கள்.