விமர்சகர்கள் முதலில் கைவிட்டு, பிறகு தலையில் தூக்கிவைத்த இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ராக்) ஆல்பம் எது?

அமெரிக்காவின் நியூட்ரல் மில்க் ஹோட்டல் குழுவின் ‘இன் தி ஏரோபிளேன் ஓவர் தி சீ’. இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் ‘கைவிட்டார்கள்’ என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1998 பெப்ரவரியில் மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் இதை வெளியிட்டது. பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணையதளம் அப்போதே 10க்கு 8.7 கொடுத்துவிட்டது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை கொடுத்தது 5க்கு 3 நட்சத்திரம். இதைக் கைவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அப்புறம் பாடகர் ஜெஃப் மாங்கம் மேடையை விட்டே ஒதுங்கிவிட்டார். ஆல்பம் கைமாறிக் கைமாறிப் பரவியது. 2005இல் மறுபதிப்பு வந்தபோது அதே பிட்ச்ஃபோர்க் முழுதாக 10 போட்டது. அந்த முழு மதிப்பெண் பாட்டுக்கா, காணாமல் போன பாடகரைச் சுற்றி வளர்ந்த கதைக்கா என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்சம் கதைக்கும்தான் என்று நினைக்கிறேன்.

2011இல் டொரோண்டோவிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இதைப் போட்டுக் காட்டினார். மூன்றாவது பாட்டோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். பத்து வருடம் சங்கீதம் படித்த காதுக்கு அந்தக் குரல் தாங்கவில்லை. எட்டாத ஸ்தாயியை எட்டிப்பிடிக்கப் போய்க் கிழிகிறது. சாதாரண மரக் கிட்டாரையே ஒலி சிதறும்படி பதிந்திருக்கிறார்கள். மரம் அறுக்கும் வாளை வில்லால் இழுத்து வாசிக்கிறார்கள். அன்று என்னிடம் கேட்டிருந்தால் 3 நட்சத்திரம்கூடக் கொடுத்திருக்க மாட்டேன். அதனால் ரோலிங் ஸ்டோன் விமர்சகர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

என்னைத் திரும்பக் கேட்க வைத்தது அந்த ட்ரம்பெட்தான். பாடசாலை கிரிக்கெட் போட்டிகளில் வாசிக்கும் பப்பரே பேண்ட் கேட்டவர்களுக்கு அது உடனே பிடிபடும். சுருதி சற்று விலகி, எல்லோரும் ஒரே மூச்சில் ஊதும் அந்தச் சத்தம். இதில் அதே சத்தம் சில இடங்களில் கொண்டாட்டமாகவும் சில இடங்களில் செத்தவீட்டு ஊர்வலம் போலவும் வரும். டென்வரில் இதைப் பதிந்த ராபர்ட் ஷ்னைடர் அந்தக் கரடுமுரடை மழித்துவிடாமல் வைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

பாடல் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டாத கனவு மாதிரி இருக்கும். அதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் மாங்கம் இந்தப் பாட்டுகளை எழுதிய காலத்தில் ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமியின் நாட்குறிப்பைப் படித்து நிலைகுலைந்து போயிருந்தார். நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து எழுதி, 1945இல் அவர்களின் முகாமில் இறந்துபோன அந்தப் பிள்ளையை எப்படியாவது காப்பாற்றிவிட முடியாதா என்ற தவிப்புத்தான் ஆல்பம் முழுக்க ஓடுகிறது. அது விளங்கிய பிறகு குரல் ஏன் கிழிகிறது என்று நான் கேட்கவே இல்லை. வெளியான வாரத்தில் எழுதுகிறவருக்கு இதற்கெல்லாம் நேரம் கிடைத்திருக்காது.

எனக்கு இது இவ்வளவு நெருக்கமாகப் போனதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது, அம்மாவுக்கு 13 வயது. இரண்டு வீடு தள்ளியிருந்த சிங்களக் குடும்பம் ஒன்று எங்கள் ஆட்களை மேல்மாடியில் நான்கு நாள் ஒளித்து வைத்திருந்தது. வீட்டில் அதை யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. ஒருநாள் நான் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அம்மா வந்து, “ஏன் இந்தப் பொடியன் இப்பிடிக் கத்துறான்?” என்றார். யாருக்காகப் பாடுகிறான் என்று சொன்னேன். அம்மா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பாட்டு முடிந்த பிறகு, அந்த மாடியில் ரேடியோவைத் தலையணைக்குள் வைத்துக் காதை ஒட்டிக் கேட்டதை முதல் தடவையாகச் சொன்னார்.