தோலுக்கடியில் ஊசித்துளை: பக்கத்து ஃபவுண்டரியில் கேட்கலாமா?

வார்ப்பின் தோலுக்கடியில் வரும் ஊசித்துளை (சிறு வாயுத் துளை) பற்றிப் பக்கத்து ஃபவுண்டரியில், அதாவது வார்ப்பாலையில், கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். பம்ப் பாடியில் வரும் ஊசித்துளை தொழில் ரகசியம் இல்லை. கோவையில் சாம்பல் இரும்பு வார்க்கிற பலரும் அதில் மாட்டியவர்கள்தான். கஸ்டமர் டிராயிங், விலை இரண்டையும் மட்டும் வெளியே விடாதீர்கள்.

லேத்தில் தோல் சீவிய பிறகுதான் துளை தெரிகிறது, உள்சுவர் பளபளக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஹைட்ரஜன் மேல்தான் சந்தேகம். உருக்கப் போடும் ஸ்கிராப்பில் (பழைய இரும்பில்) கொஞ்சம் அலுமினியம் கலந்திருந்தாலே போதும், அது மணலின் ஈரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை இரும்புக்குள் ஏற்றிவிடும்.

1. ஒரே லேடிலில் (உருகிய இரும்பை ஊற்றும் கலம்) இருந்து இரண்டு மோல்டு ஊற்றுங்கள்: ஒன்று வழக்கமான கிரீன் சாண்ட் (ஈர மணல்), மற்றது நன்றாக உலர்த்தியது. உலர்ந்ததில் துளை இல்லையென்றால் ஈரம்தான் காரணம்.

2. எப்படியானாலும் ஸ்பெக்ட்ரோவில் (உலோகத்தில் என்னென்ன எவ்வளவு என்று அளக்கும் மெஷின்) அலுமினியம் எவ்வளவு என்று பாருங்கள். உங்களிடம் மெஷின் இல்லையென்றால் கோவையிலேயே சிட்டார்க் என்ற சோதனை ஆய்வகம் இருக்கிறது.

ரிப்போர்ட், மணல் ஈரம், சார்ஜ் கலவை (உலையில் எதை எவ்வளவு போட்டீர்கள் என்ற கணக்கு) மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்திய ஃபவுண்டரிமென் சங்கத்தின் கோவைக் கிளைக் கூட்டத்துக்குப் போங்கள். அதே வியாபாரியிடம் ஸ்கிராப் வாங்குகிறவர் அங்கே இருந்தால், இருவர் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். புது இரும்பு ரக (கிரேடு) முயற்சிகள்கூட இப்படிப்பட்ட பேச்சில் தொடங்கலாம்.

ஆனால் அடுத்தவர் சொல்லும் ஈர அளவை அப்படியே வைக்காதீர்கள். அவர் மணலும் பென்டோனைட்டும் (மணலைப் பிணைக்கும் களிமண்) வேறு. ரெசின் கோர் (வார்ப்பின் உள்வெற்றிடத்துக்காக வைக்கும், ரெசினால் பிணைத்த மணல் உட்கரு) போடுகிறீர்களென்றால் நைட்ரஜனும் இதே மாதிரி துளை விடும், அதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.