பஞ்சாக அமுங்கும் பிரேக்

கேள்வி: என் பைக் 2006 மாடல். முன் டிஸ்க் பிரேக் லிவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி அமுங்கி, ஹேண்டில்பாரையே தொடுகிறது. பேட் மாற்றியும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பேடைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் பிரேக் ஆயில் போகும் லைனில் காற்று புகுந்திருக்கும். ஹேண்டில்பாரில் உள்ள பிரேக் ஆயில் கப்பின் மூடியில் டாட் 3, டாட் 4 என எந்த ஆயில் வகை எழுதியிருக்கிறதோ, அதையே புதிதாக வாங்குங்கள். காலிப்பரில் (பேடால் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) காற்றை வெளியேற்ற உள்ள சிறு திருகான நிப்பிளில், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை மாட்டி, லிவரை அழுத்திப் பிடித்தபடி நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். அதை மூடிய பிறகே லிவரை விடவேண்டும். குமிழி நிற்கும்வரை இதேதான் வேலை. கப்பில் ஆயில் வற்றவே கூடாது; அவசரத்தில் ஒருமுறை வற்றவிட்டு, நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். டேங்க் மேல் துணி போடுங்கள், சொட்டு விழுந்தால் பெயின்ட் போச்சு! அப்புறமும் மெத்தென்றிருந்தால், ரப்பர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு லிவரை அழுத்திப் பாருங்கள். கைக்குள் உப்பினால் ஹோஸை மாற்றிவிடுங்கள்.