சிக்னலில் நின்றதும் அணையும் எஃப்-150

நண்பரே, உங்களுடையது 1994 ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டி, 5.0 லிட்டர் இன்ஜின். ஓடும்போது குறையில்லை, சிக்னலில் நின்றால் குலுங்கி அணைகிறது என்கிறீர்கள். பெட்ரோல் பம்ப்பை மாற்றிக் காசை வீணாக்காதீர்கள், பொறுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், இன்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் தகடு மூடிக்கொள்ளும். அப்போது இன்ஜினுக்கு வேண்டிய காற்று பெரும்பாலும் ஐடில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடுவது) கன்ட்ரோல் வால்வு வழியாகத்தான் போகும். அதில் கரி அடைத்தால் இதே தொல்லைதான்.

இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது அந்த வால்வின் ஒயர் சாக்கெட்டைக் கழற்றுங்கள். ஆர்.பி.எம். (இன்ஜின் சுழலும் வேகம்) சட்டென்று சரிய வேண்டும். அசையவே இல்லையென்றால் வால்வோ அதன் ஒயரோ கெட்டிருக்கிறது. இரண்டு போல்ட்தான், கழற்றி, த்ராட்டில் கிளீனர் அடித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் கரி மை போல வழியும். வால்வுக்கு அடியில் காற்று கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள்.

சாக்கெட்டைக் கழற்றியதும் ஆர்.பி.எம். சரிந்தால் வால்வு வேலை செய்கிறது; அடுத்து பி.சி.வி. ஹோஸின் (இன்ஜினுக்குள் சேரும் புகையைக் காற்றுப் பாதைக்குத் திருப்பும் ரப்பர் குழாய்) வளைவை விரலால் அழுத்திப் பாருங்கள். ரப்பர் விறைத்து வெடித்திருந்தால் காற்று அங்கேதான் புகுகிறது.