விளிம்பு தைக்காத துணி: கடிதமும் பதிலும்

வணக்கம்.

ஷாங்காயில் 1917-இல் நடந்த ஷெங் ஷுவான்ஹுவாயின் சவ ஊர்வலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஊர்வலத்துக்கு 3 லட்சம் டேல் வெள்ளியைக் கொட்டிய அதே குடும்பம் பத்து வருடம் கழித்து சொத்துக்காக நீதிமன்றத்தில் நின்றது என்று முடித்திருந்தீர்கள். அந்த வரி என்னை விடவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் அண்ணன்கள் இருவரும் நிலப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முந்தைய பதினைந்து நாள் அவர்கள் அழுததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பெரிய குடும்பங்களில் சாவு வீட்டு அழுகை வெறும் வேஷம்தானா? ஷெங் வீட்டுப் பிள்ளைகள் அப்பாவுக்காக உண்மையிலேயே அழுதார்களா?

ரா.

அன்புள்ள ரா.,

முதலில், உங்கள் அப்பாவின் மறைவுக்கு என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். அப்புறம், அந்தக் கட்டுரையை நான் அப்படி முடித்தது சரியில்லை. செலவையும் வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாசிப்பவருக்கு ‘எல்லாம் நடிப்பு’ என்றுதான் தோன்றும். எனக்கு அந்த எண்ணம் கிடையாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு சுருக்கம். ஷெங் ஷுவான்ஹுவாய் 1844-இல் பிறந்தவர், சாங்ஜோ பகுதிக்காரர். அன்றைய செல்வாக்கு மிக்க அரசியல்வாதி லி ஹோங்ஜாங்கின் நிழலில் வளர்ந்து, சீனாவின் கப்பல் கம்பெனி, தந்தி, ரயில், இரும்பு ஆலை, 1897-இல் தொடங்கிய முதல் நவீன சீன வங்கி என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். 1911-இல் அமைச்சராக இருந்தபோது ரயில் பாதைகளை அரசுடைமை ஆக்கினார். சிச்சுவான் மாகாணத்தில் அதை எதிர்த்துக் கிளம்பிய கலகம் வூசாங் நகரில் நடந்த படை எழுச்சிக்கு வழிவிட்டது, சீனாவை ஆண்ட சிங் வம்சமே போய்விட்டது. ஜப்பானுக்கு ஓடிப்போன ஷெங் மறுவருடம் திரும்பி வந்து, 1916 ஏப்ரல் 27 அன்று ஷாங்காயில் இறந்தார்.

ஊர்வலம் நடந்தது 1917 நவம்பர் 18-இல். நடுவில் ஏறக்குறைய பத்தொன்பது மாதம். நமக்கு இது விசித்திரமாக இருக்கும், அங்கே வசதியான குடும்பங்களில் இது வழக்கம்தான். கனத்த மரத்தில் பெட்டி செய்து, அரக்குப் பூசி, காற்றுப் புகாமல் அடைத்து வைத்துவிடுவார்கள். நல்ல நாள், நல்ல இடம் அமையும் வரை பெட்டி காத்திருக்கும். ஊர்வலம் முடிந்தும் ஷெங்கின் பெட்டி உடனே மண்ணுக்குள் போகவில்லை. சூஜோவுக்குப் படகில் போனது. ஜியாங்யின்னில் அடக்கம் நடந்தது அதற்கும் பிறகுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அழுகை உண்மையா என்று கண்ணைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. நான் துணியைப் பார்ப்பேன்.

சீன முறையில் துக்க உடைக்கு ஐந்து படிகள். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்பதை வைத்துத் துணியின் முரடும் அணிய வேண்டிய காலமும் மாறும். முதல் படிக்கு ‘ஜான்சுவெய்’ என்று பெயர். இருப்பதிலேயே முரடான சணல் துணி. அதை வெட்டுவார்கள், விளிம்பை மடித்துத் தைக்க மாட்டார்கள். ஓரமெல்லாம் நூல் பிரிந்து தொங்கும். இடுப்பில் சணல் கயிறு, காலில் வைக்கோல் செருப்பு. இறந்தது அப்பா என்றால் கையில் மூங்கில் கோல். துக்கத்தில் சாப்பிடாமல் தளர்ந்துபோனவன் ஊன்றி நிற்பதற்கான கோல் அது. இரண்டாம் படியிலிருந்து விளிம்பு தைத்த துணி. அப்பா அம்மா போன துக்கத்தில் இருப்பவனுக்கு ஓரம் தைக்கக்கூட மனம் வராது என்பதுதான் அந்த வேறுபாட்டின் பொருள். பெயருக்கு மூன்று வருடம், கணக்குக்கு இருபத்தேழு மாதம் இந்தத் துக்கம். அதாவது ஊர்வலம் கிளம்பிய அன்று ஷெங் பிள்ளைகளுக்குத் துக்கக் காலம் இன்னும் முடியவில்லை.

இந்த முதல் படித் துணி யாருக்கெல்லாம் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். மகன்களுக்கு உண்டு. கல்யாணமாகாத மகளுக்கும் அதே துணி, அதே மூன்று வருடம். துக்கத்தில் அவள் அண்ணனுக்கு ஒரு இழைகூடக் குறைவில்லை. கல்யாணமாகிப் போன மகளுக்கு மட்டும் ஒரு படி இறங்கிவிடும், தன் சொந்த அப்பாவுக்கு ஒரு வருடம்தான். அவளுடைய மூன்று வருடம் இனி மாமனார் மாமியாருக்கு உரியது.

ஷெங்கின் ஏழாவது மகள் ஷெங் அய்யிக்கு அப்போது பதினேழு வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. முறைப்படி அவளுக்கு உரியது அந்த விளிம்பு தைக்காத துணிதான், அண்ணன் ஷெங் என்யிக்கு உள்ளது போலவே.

சாவு வீட்டில் போட்டி இல்லாமல் இருக்குமா? இருந்தது, இருக்கத்தான் செய்யும். முறை என்று ஒன்று இருந்தாலே யார் முன்னால் யார் பின்னால் என்ற கணக்கும் வந்துவிடுகிறது. ஷெங் வீட்டில் மூத்த மகன் அப்பாவுக்கு முன்பே போய்விட்டார். அப்படியானால் மூத்த மகனின் மகன், தலைப்பேரன், முதல் துக்கக்காரனாக நிற்க வேண்டும் என்பது மரபு. சித்தப்பாக்கள் உயிரோடு, அதிகாரத்தோடு நிற்கும்போது ஒரு பேரன் அவர்களுக்கு முன்னால் நடப்பது எத்தனை நுட்பமான சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள்.

வட சீனத்தில் இன்னும் பச்சையாகவே தெரியும். பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தில், காகிதப் பணம் எரித்த மண் சட்டியைத் தலைமகன் தரையில் ஓங்கி அடித்து உடைப்பான். ஒரே அடியில் சில்லு சில்லாகப் போக வேண்டும். மகன் இல்லாத வீட்டில் தம்பி மகனோ அண்ணன் மகனோ உடைப்பான், உடைத்தவனுக்குச் சொத்தில் உரிமை வந்துவிடும். அதனால் சட்டி யார் கையில் என்பதற்கே அடிதடி நடந்திருக்கிறது. கொள்ளிக்குடம் யார் தோளில் என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஷாங்காய்க்கு எதிர்க்கரையில் நான்ஹுவி பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் சாவுக்குப் பாடும் ஒப்பாரி உண்டு. மகளும் மருமகளும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பாட வேண்டும், நன்றாகப் பாடவில்லை என்றால் ஊர் பேசும். அந்தப் பாட்டுக்குள்ளேயே மனக்குறையும் வரும். யார் கவனிக்கவில்லை, யார் கைவிட்டார்கள் என்பதெல்லாம் ராகத்தோடு வெளியே வந்துவிடும். சொல்ல அனுமதி கிடைக்கும் ஒரே நேரம் அது. அந்தப் பெண் அழுவது இழப்பினாலா கோபத்தினாலா என்று அவளைக் கேட்டால் அவளாலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். முறைப்படி, குறித்த நேரத்தில் அழுவதால் அழுகை பொய்யாகிவிடாது. நேரம் வரும்வரை அடக்கி வைத்திருந்ததும் அவள்தானே.

சரி, சொத்துக்கு வருவோம். ஷெங் விட்டுப்போனதைக் கணக்கெடுக்க ஒரு குழு போட்டு, 1920 வரை இழுத்தது. கடன் போக நின்றது ஏறக்குறைய 1 கோடியே 16 லட்சம் டேல். ஒரு டேல் என்பது 35 கிராமுக்குச் சற்று முன்பின்னான வெள்ளி. பாதி குடும்ப அறக்கட்டளைக்குப் போனது. மீதிப் பாதி ஐந்து ஆண் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சமமாக, வீட்டுக்கு 11 லட்சத்து 60 ஆயிரம் டேல். மகள்களின் பெயர் பங்கில் இல்லை. பழைய சட்டத்தில் இது தவறே இல்லை. மனைவிக்குப் பிறந்தவனோ துணைவிக்குப் பிறந்தவனோ, மகன் என்றால் சம பங்கு. மகளுக்குச் சீர் மட்டும்.

அம்மா ஜுவாங் தெஹுவா இருந்தவரை எல்லாம் அடங்கி இருந்தது. அந்த வீட்டைக் கட்டிப் பிடித்திருந்தவர் அவர்தான். 1927-இல் அவரும் போனார். அதே சமயத்தில் குவோமின்டாங் கட்சியின் புதிய அரசு அறக்கட்டளைப் பணத்தில் நாற்பது சதவீதத்தைக் கேட்டது. மிச்சம் அறுபது சதவீதம், சுமார் 35 லட்சம் டேல். அறத்துக்கு என்று அப்பா ஒதுக்கி வைத்த அந்தப் பணத்தையும் ஐந்து வீடுகளும் பிரித்துக்கொள்ள முடிவெடுத்தன.

அய்யி வெளிநாட்டில் படிக்கப் போக 1 லட்சம் டேல் கேட்டார். அண்ணன்கள் கொடுக்கவில்லை. 1928-இல் அவர் ஷாங்காய் நீதிமன்றத்துக்குப் போனார். எதிர்த்தரப்பில் மூன்று அண்ணன்களும் இரண்டு அண்ணன் மகன்களும். அதில் என்யி அவருக்கு ஒரே வயிற்றில் பிறந்தவர். ஊரே பேசியது. அத்தனை பெரிய வீட்டுப் பெண் சொந்த அண்ணன் மீது வழக்குப் போடுவது சீனா அதுவரை பார்க்காத காட்சி.

அவர் கையில் இருந்த ஆயுதம், பெண்களுக்கும் வாரிசுரிமை உண்டு என்று குவோமின்டாங் கட்சி 1926 ஜனவரி மாநாட்டில் போட்ட தீர்மானம். கேட்டது எளிய கணக்கு. ஐந்து ஆண் வீடுகளோடு கல்யாணமாகாத இரண்டு மகள்களையும் சேர்த்தால் ஏழு பங்கு. ஏழில் ஒன்று, 5 லட்சம் டேல். நீதிமன்றம் கொடுத்தது. அடுத்து தங்கையும் வழக்குப் போட்டுத் தன் பங்கை வாங்கினார்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒன்று உண்டு. அப்போது சட்டத்துக்குச் சொல்லப்பட்ட விளக்கம், கல்யாணமாகாத மகளுக்கு மட்டும் பங்கு என்பது. கட்டிக்கொடுத்த மகளுக்குக் கிடையாது. துணியை நினைத்துப் பாருங்கள். யாருக்கு விளிம்பு தைக்காத துணி இருந்ததோ அவளுக்குப் பங்கு. யாருக்கு ஒரு படி குறைந்ததோ அவளுக்கு இல்லை. புதிய சட்டம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, கோடு கிழித்ததென்னவோ பழைய துக்க முறை கிழித்த அதே இடத்தில்தான். மறுவருடமே அந்த விளக்கத்தை மாற்றி, கட்டிக்கொடுத்த பெண்களையும் சேர்த்தார்கள். 1931-இல் நடைமுறைக்கு வந்த வாரிசுச் சட்டம் அதை உறுதி செய்தது.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று திருத்தம் வந்தபோது, அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தாது என்று எழுதியிருந்தார்கள். 2005-இல் மத்தியச் சட்டம் மாறிய பிறகுதான் அந்தத் தடை போனது. சீனக் கதையை வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பதினாறு வருடம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஆகவே ரா., ஷெங் வீட்டுப் பிள்ளைகள் உண்மையாகத்தான் அழுதார்கள் என்று நம்புகிறேன். அப்பாவைப் பயந்து, அண்ணாந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அவர் நிழல் போனதும் அவரவர் எவ்வளவு சின்னவர் என்பது அவரவருக்குத் தெரிந்திருக்கும். என்யியைப் பாருங்கள். பங்கு வாங்கிய அத்தனையையும் சூதாட்டத்திலும் ஆடம்பரத்திலும் தொலைத்தார். சூஜோவில் லியூ யுவான் தோட்டம் அவர்கள் குடும்பத்துடையது. அதன் கல்லையும் குளத்தையும் பார்க்க இன்று உலகமே வருகிறது. அதை ஒட்டிய குலக்கோயில் கட்டடத்தில் ஒண்டிக்கொண்டு, 1958-இல் கையில் ஒன்றுமில்லாமல் இறந்தார். அப்பாவின் பெட்டி படகேறிப் போன அதே ஊர் அது. அவரைப் பேராசைக்காரர் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

அய்யி 1983 வரை ஷாங்காயில் வாழ்ந்தார். வழக்கைத் தொடுத்ததால் அவர் அப்பாவை மறந்துவிட்டார் என்று அன்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். எனக்குத் தோன்றுவது நேர் எதிர். அப்பாவுக்காக மூன்று வருடம் அந்த முரட்டுத் துணியைச் சுமக்க வேண்டிய மகள் என்று வீடு அவரை எண்ணியது. பங்கு பிரிக்கும்போதும் அதே மகளாக எண்ணச் சொல்லித்தான் அவர் நீதிமன்றத்துக்குப் போனார்.

உங்கள் அண்ணன்கள் பதினைந்து நாள் அழுததை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்கள். அதைச் சந்தேகப்படாதீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பதினாறாம் நாள் பத்திரத்தை எடுத்து வைத்துப் பேசியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அவர்களோடு உட்கார்ந்திருந்தீர்களா, இல்லை உள்ளே பாத்திரங்களை ஒழித்துப்போட்டுக்கொண்டிருந்தீர்களா? விருப்பம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.