வாசகர் கேள்விகள்: விமானத்துக்குள் மின்சாரம் கடத்தும் நூல்

கேள்வி: மின்சாரம் கடத்தும் வலுவான பாலிமர் இழைகளை விமானத்துக்காகவும் செயற்கைக்கோளுக்காகவும் உருவாக்குகிறார்கள் என்று படித்தேன். செம்பு ஒயர் நன்றாகத்தானே வேலை செய்கிறது?

பதில்: செய்கிறது, ஆனால் எடைதான் பிரச்சினை. ஏர்பஸ் ஏ380-இல் உள்ள ஒயரையெல்லாம் நீட்டிப் போட்டால் 500 கிலோமீட்டரைத் தொடும். செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.9 கிராம், கெவ்லார் என்ற வலுவான பாலிமர் இழைக்கு 1.44தான். அறுக்க இழுத்துப் பார்த்தால் மென்செம்பைவிடக் கெவ்லார் பத்து மடங்குக்கு மேல் தாங்கும். பலரும் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது: சென்சாரிலிருந்து வரும் சிக்னல் ஒயரில் ஓடுவது சில மில்லி ஆம்பியர், அதற்கு மயிரிழைச் செம்பே போதும், ஆனால் இழுத்துக் கட்டும்போதும் வருடக்கணக்கில் அதிரும்போதும் அது அறுந்துவிடும் என்பதால் தடிமனாகப் போடுகிறார்கள். ஆக, அந்தச் செம்பின் பெரும்பகுதி அறுந்துபோகாமல் இருப்பதற்காகவே பறக்கிறது. அந்த வேலையை நூலிடம் கொடுத்துவிடலாம் என்பதுதான் யோசனை.

இதைவிடப் பெரிய லாபம் ஷீல்டில் இருக்கிறது, அதாவது இரைச்சலைத் தடுக்க ஒயர்க்கட்டின் மேல் போர்த்தும் உலோகப் பின்னலில். உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். 1 கிகாஹெர்ட்ஸில் செம்பில் அது இறங்கும் ஆழம் சுமார் 2 மைக்ரான். அதற்குக் கீழே இருக்கும் செம்பு வெறும் சுமை, அந்த இடத்திலும் நூலை வைக்கலாம். போயிங் 787-இன் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன் இழைக் கூட்டுப்பொருள் என்பதால், அலுமினிய உடல் சும்மாவே கொடுத்துவந்த மறைப்பு குறைந்துவிட்டது, ஷீல்டின் தேவை கூடிவிட்டது.

கேள்வி: நோபல் பரிசு வாங்கிய மின்கடத்தும் பிளாஸ்டிக்கைத்தான் நூலாக இழுக்கிறார்களா?

பதில்: இல்லை. ஹீகர், மெக்டியார்மிட், ஷிராகவா மூவரும் 2000-இல் பரிசு பெற்றது பாலிஅசெட்டிலின் என்ற மின்கடத்தும் பிளாஸ்டிக் பற்றிய ஆய்வுக்காக. அது காற்று பட்டாலே கெட்டுப்போகும். இங்கே நடப்பது ஜரிகை மாதிரி, பட்டு நூலின் மேல் வெள்ளி. ஆனால் ஜரிகையில் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றுவார்கள். இதிலோ, சுமார் 12 மைக்ரான் விட்டமுள்ள ஒவ்வொரு இழையின் மேலும் உலோகம் படிய வேண்டும். இழையின் வழுவழுப்பைக் கெமிக்கலால் கொஞ்சம் அரித்து, பல்லேடியம் துகள்களை ஒட்டவைத்து, மின்சாரம் இல்லாமலே செம்பு அல்லது நிக்கல் முலாம் பூசி, வேண்டுமானால் அதன் மேல் மின்முலாம். டூபாண்ட் நிறுவனம் கெவ்லார் மேல் இப்படிச் செய்த நூலின் பெயர் அராக்கான். அமெரிக்காவின் சிஸ்காம் நிறுவனம் சைலான் என்ற இன்னொரு வலுவான பாலிமர் இழையின் மேல் செய்தது ஆம்பர்ஸ்ட்ராண்ட்.

கேள்வி: விண்வெளிக் குளிரிலும் வெயிலிலும் முலாம் உரிந்து வராதா?

பதில்: சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள், இந்தத் துறையின் தலைவலியே இதுதான். சூடாக்கினால் செம்பு நீளும், கெவ்லார் இழை நீளவாட்டில் சுருங்கும்! வெப்பம் 200 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் செம்பு சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும், அதே நீளக் கெவ்லார் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள் சுருங்கும். பூமிக்கு அருகே தாழ்வட்டப் பாதையில் செயற்கைக்கோள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வெயிலுக்குள் போய் நிழலுக்கு வருவதால், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் இந்தப் போராட்டம் நாளுக்குச் சுமார் 16 முறை நடக்கும். முலாம் தடித்தால் மின்தடை குறையும், ஆனால் விறைத்து விரிசல் விடும். விரிசல் விட்ட இடத்தில் அங்கே தனித்தனி அணுக்களாகத் திரியும் ஆக்சிஜன் நுழைந்து பாலிமரை அரிக்கத் தொடங்கும். அதனால் வெறும் வலிமை எண்ணையும் கடத்துதிறன் எண்ணையும் மட்டும் சொல்லும் கட்டுரையை நம்பாதீர்கள். எத்தனை வெப்பச் சுழற்சிக்குப் பிறகு அளந்தார்கள் என்று தேடுங்கள்.

கேள்வி: மின்னல் அடித்தால் தாங்குமா?

பதில்: இந்த மெல்லிய முலாம் மட்டும் என்றால் தாங்காது. விமானத்தைச் சோதிக்கும் மின்னலின் உச்சம் 2 லட்சம் ஆம்பியர். 787 அதற்கு உடலிலேயே உலோக வலை வைத்திருக்கிறது. மெயின் பவர் கேபிளுக்கும் இந்த நூல் சரிப்படாது.

கேள்வி: கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்) நூல் வந்தால் முலாமே வேண்டாமா?

பதில்: எனக்கு அதில்தான் ஆசை, உரிந்துவிழ ஒன்றுமே இல்லையே. 2011-இல் கிளம்பிய ஜூனோ விண்கலத்தில் நிலைமின்னைக் கசியவிட நானோகுழாய்த் தாள் போனது. 2013-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பாஸ்குவாலி குழு அமிலக் கரைசலிலிருந்து நூலே நூற்றது. கடத்துதிறன் அப்போது செம்பில் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை. ஆனால் எடைக்கு எடை ஒப்பிட்டால் இடைவெளி வெகுவாகச் சுருங்குகிறது.

கேள்வி: கல்லூரி லேபில் ஏதாவது செய்து பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. வெள்ளி முலாம் பூசிய நைலான் நூல் எலக்ட்ரானிக் துணிகளுக்காகக் கடையில் கிடைக்கிறது. நான்கு முனை முறையில், அதாவது இரண்டு முனை வழியே மின்னோட்டம் செலுத்தி வேறு இரண்டு முனையில் மின்னழுத்தம் பார்த்து, மின்தடையை அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர் முனையை வைத்தால் தொடுமிடத்துத் தடையும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். அப்புறம் நூலை ஒரு மெல்லிய கம்பியின் மேல் மாற்றி மாற்றி வளைத்து, இடையிடையே அளந்து வரைபடம் போடுங்கள். மின்தடை சட்டென்று ஏறும் இடத்தில் நிறுத்தி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, வளைவின் எந்தப் பக்கம் முதலில் விரிசல் விட்டது என்று எழுதி அனுப்புங்கள்.